தடித்த கம்பி: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு பதிலின் நடுவே ஜான் என்ட்விசில் என்ற பெயரைப் போகிறபோக்கில் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அவரைப் பிடித்துக்கொண்டுவிட்டன. அதனால் இந்த முறை அவருக்கே அதிக இடம். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டிருப்பதால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

கேள்வி: ராக் குழு என்றால் பாடகரும் லீட் கிட்டார்காரரும்தான் நினைவுக்கு வருகிறார்கள். நீங்கள் ஒரு பேஸ்காரரை இவ்வளவு தூக்கிவைத்துப் பேசுகிறீர்கள். யார் இந்த என்ட்விசில்? அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்களேன். (கல்லூரி மாணவர், தக்கலை)

பதில்: லண்டன்காரர், தம்பி. 'தி ஹூ' என்ற ராக் குழுவின் பேஸ் கிட்டார்காரர், அதாவது நாலு தடித்த கம்பியில் அடிச்சுரம் வாசிக்கிறவர். 1944 அக்டோபர் 9 அன்று மேற்கு லண்டனில் பிறந்து, சிசிக் என்ற பகுதியில் வளர்ந்தார். அப்பா ட்ரம்பெட் ஊதுவார், அம்மா பியானோ வாசிப்பார். பையனைப் பியானோவில் உட்காரவைத்தார்கள். அவன் ட்ரம்பெட்டுக்குத் தாவி, அப்புறம் பிரெஞ்ச் ஹார்னுக்குப் போனான். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஹார்ன் ஊதுகிறவனுக்கு ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான். கிட்டார்போல ஆறு கம்பியையும் ஒரே வீச்சில் தடவி ஒரு கார்டு (பல சுரம் சேர்ந்து ஒலிப்பது) போட்டுத் தப்பித்துக்கொள்ள முடியாது. அந்த ஒற்றைச் சுரத்தை எங்கிருந்து எங்கே கொண்டுபோவது, எங்கே மூச்சு விடுவது என்பதுதான் அவன் வேலையே. நம்மூரில் சால்வேஷன் ஆர்மி பேண்டில் யூபோனியம் ஊதிப் பழகியவர்கள் பேஸ் கிட்டாரைக் கையில் எடுத்தால், முதல் மாதம் விரல் தடுமாறும், வரி தடுமாறாது. என்ட்விசிலும் அந்த வகைதான்.

கிட்டாரும் முயன்று பார்த்தார். விரல்கள் தடிமன், ஆறு கம்பி நெருக்கத்தில் சரிப்பட்டு வரவில்லை. டுவேன் எட்டி என்ற அமெரிக்கர் கிட்டாரின் அடிக்கம்பிகளில் முழங்குவதைக் கேட்டதும் நமக்கு இதுதான் என்று பேஸ் பக்கம் திரும்பிவிட்டார். முதல் பேஸைத் தானே செய்துகொண்டார். அந்தச் சொந்தத் தயாரிப்பைத் தூக்கிக்கொண்டு ஒரு நாள் தெருவில் நடந்துபோனபோதுதான், பின்னாளில் 'தி ஹூ'வின் பாடகரான ரோஜர் டால்ட்ரி பார்த்து, தன் குழுவுக்கு அழைத்தார். அது 1961. பிறகு பள்ளித் தோழன் பீட் டவுன்ஷெண்டை என்ட்விசில் உள்ளே கொண்டுவந்தார். 1964-ல் கீத் மூன் டிரம்ஸுக்கு வந்ததும் குழு முழுமையானது. அந்த ஆரம்ப நாட்களில் நம்ம ஆள் பகலில் என்ன செய்தார் தெரியுமா? வருமான வரி ஆபீசில் குமாஸ்தா.

இனி, நான் அவரைத் தூக்கிப் பேசுகிற காரணம். பொதுவாக டிரம்ஸும் பேஸும் சேர்ந்து தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். கிட்டார் அதன் மேலே ஏறி விளையாடும். 'தி ஹூ'வில் எல்லாம் தலைகீழ். டவுன்ஷெண்ட் கையைச் சக்கரமாகச் சுழற்றிக் கார்டு போடுகிறவர்; காலத்தை இழுத்துப் பிடித்தது பெரும்பாலும் அந்தக் கிட்டார்தான். மூன் ஒரே அடியைத் திருப்பித் திருப்பி வைக்கிறவர் அல்ல, பாட்டு எங்கே போகிறதோ அதன் பின்னாலேயே டிரம்ஸை உருட்டிக்கொண்டு ஓடுவார். நடுவில் பெரிய காலியிடம். அந்த இடம் முழுவதையும் என்ட்விசில் எடுத்துக்கொண்டார். 1965-ல் வந்த 'மை ஜெனரேஷன்' பாட்டைக் கேளுங்கள். கிட்டார் சோலோ வர வேண்டிய இடத்தில் பேஸ் சோலோ வருகிறது. கிட்டார் ஒரு கார்டு போட்டு நிறுத்த, பேஸ் பதில் சொல்கிறது. மறுபடி கார்டு, மறுபடி பதில். ராக் இசைத்தட்டில் பேஸுக்குக் கிடைத்த முதல் சோலோக்களில் அது ஒன்று.

அந்தச் சோலோவுக்குப் பின்னால் ஒரு கம்பிக் கதை உண்டு. அவரே பேட்டிகளில் சொன்னது. மெல்லிய கம்பி போட்ட டான்எலெக்ட்ரோ பேஸ் ஒன்றை இதற்கென்றே வாங்கினார். கம்பி அறுந்தது. லண்டன் கடைகளில் அந்தக் கம்பி தனியாகக் கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் இன்னொரு பேஸையே வாங்கினார். அதிலும் அறுந்தது. மூன்று வாங்கியும் தீராமல், கடைசியில் ஃபெண்டர் ஜாஸ் பேஸில் வாசித்துப் பதிவை முடித்தார்கள். எண்பதுகளில் பேஸ் கம்பி கேட்டு நாகர்கோவிலில் கடைகடையாக ஏறி இறங்கி, கிடைக்காமல் திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறிய எங்கள் ஆட்களிடம் இந்தக் கதையைச் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அவர் அதோடு விடவில்லை. அடுத்த ஆண்டே ரோட்டோசவுண்ட் கம்பெனிக்காரர்களோடு உட்கார்ந்து தனக்கு வேண்டிய கம்பியைச் செய்யவைத்தார். அதுவரை பேஸ் கம்பிகளில் பெரும்பாலும் தட்டையான நாடாதான் சுற்றியிருக்கும். தடவினால் வழவழப்பு, ஒலி மந்தம். இவர் கேட்டது உருண்டைக் கம்பி சுற்றியது, பியானோவின் அடிக்கட்டைகளைப் போலக் கணீரென்று விழுவது. இன்று கடையில் நீங்கள் வாங்கும் புதுப் பேஸில் பூட்டியிருப்பது அநேகமாக உருண்டைச் சுற்றுத்தான். பேஸை ஒரு ஆளாக நிற்கவைத்ததில் அந்தக் கம்பிக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கட்சி.

மேடையில் மற்ற மூவரும் குதிப்பார்கள், மைக்கைச் சுழற்றுவார்கள், கிட்டாரை உடைப்பார்கள். இவர் ஆணி அடித்தாற்போல நிற்பார். விரல் மட்டும் ஓடும். வலக்கை விரல்கள் நாலையும் கம்பிமேல் தட்டுவார், டைப் அடிக்கிற மாதிரி. 'எருது' என்று பட்டப்பெயர். அசையாமல் நின்ற அந்த மனிதர்தான் சத்தத்தில் முதல் ஆள். மூனின் டிரம்ஸைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்று பெரிய மார்ஷல் ஸ்பீக்கர் பெட்டிகளை வாங்கினார். அதைப் பார்த்து டவுன்ஷெண்டும் வாங்கினார். அப்புறம் போட்டிதான். 1976 மே 31 அன்று லண்டன் சார்ல்டன் கால்பந்து மைதானத்தில் அவர்கள் வாசித்தபோது 126 டெசிபல் அளந்து, உலகிலேயே சத்தமான கச்சேரி என்று கின்னஸ் புத்தகத்தில் போட்டார்கள். பெருமைக்குரிய விஷயமாக எனக்குப் படவில்லை. அதன் பலன் கீழே வருகிறது.

பாட்டும் எழுதினார். பெரும்பாலும் கறுப்பு நகைச்சுவை. 1966-ல் சிலந்தியைப் பற்றி எழுதிய 'போரிஸ் தி ஸ்பைடர்' ரசிகர்கள் விடாமல் கேட்ட பாட்டு. குழுவில் தனி ஆல்பம் போட்ட முதல் ஆளும் அவர்தான், 1971-ல். 1973-ல் வந்த 'குவாட்ரோஃபீனியா'வில் கேட்கிற பித்தளை வாத்தியமெல்லாம் அவர் ஊதியது. பழைய ஹார்ன் படிப்பு வீண்போகவில்லை. ஓவியமும் வரும். 1975 ஆல்பத்தின் அட்டையில் புள்ளிகளை எண்வரிசையில் இணைத்தால் நாலு பேரின் உருவமும் வரும் படம் அவர் கைவேலை. அந்த அட்டைக்கு ஆன செலவு 32 பவுண்டு, டவுன்ஷெண்ட் பொறுப்பில் தயாரான முந்தைய அட்டைக்கோ 16,000 பவுண்டு என்று அவரே குத்திச் சொல்லியிருக்கிறார். வரி ஆபீஸ் குமாஸ்தா எங்கே போவார்!

1978-ல் மூன் இறந்தார். குழு பிரிந்தது, சேர்ந்தது, மறுபடி பிரிந்தது. என்ட்விசிலுக்குக் காது மந்தமாகி, கடைசி ஆண்டுகளில் எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ளும் நிலை. 2002 ஜூன் 27 அன்று, அமெரிக்கச் சுற்றுப்பயணம் தொடங்க இருந்த நேரத்தில், லாஸ் வேகாஸ் ஹோட்டல் அறையில் மாரடைப்பில் இறந்தார். ஏற்கனவே இதய நோய், அதோடு கொகெய்ன். வயது 57. சில நாள் கழித்து, ஜூலை 1-ல், பினோ பல்லடினோ என்ற வேறொரு பேஸ்காரரை நிறுத்திச் சுற்றுப்பயணத்தைத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த ஆண்டு அவருடைய கிட்டார்கள் லண்டனில் ஏலத்துக்கு வந்தன. போதைப்பொருளைப் பற்றி உனக்குப் பிரசங்கம் வைக்கப் போவதில்லை. காதைப் பற்றி மட்டும் வைப்பேன்: 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்குகிற காது, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அதில் பாதி நேரத்தைத்தான் தாங்கும். கொடை விழா மேடையில் 'பேஸ் பின்' என்கிற பெரிய ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறவன் காதில் அடைப்பான் வைக்காமல் நிற்கக் கூடாது. பஞ்சு போதாது. நுரையில் செய்த அடைப்பான் மெடிக்கல் ஷாப்பிலேயே கிடைக்கும்.

கேள்வி: நீங்கள் சொல்கிற பாட்டையெல்லாம் செல்போனில் போட்டுப் பார்த்தேன். பேஸ் கேட்கவே இல்லை. எனக்குக் காதில் கோளாறா? (பள்ளி மாணவன், சுங்கான்கடை)

பதில்: காதில் ஒன்றும் இல்லை மக்கா, போனில்தான். பேஸின் தடித்த கம்பியான இ, விநாடிக்கு 41 முறை அதிர்கிறது. அடுத்தடுத்த ஏ, டி, ஜி கம்பிகள் 55, 73, 98. இந்த அதிர்வுகளைக் காற்றில் தள்ளப் பெரிய ஸ்பீக்கர் வேண்டும். போனில் இருப்பது சுண்டுவிரல் நகம் அளவு. அந்தச் சுரத்தின் மேல் அதிர்வுகள் மட்டும் வெளியே வரும், மிச்சத்தை மூளை தானாக நிரப்பிக்கொள்ளும். அதனால்தான் ராகம் புரிகிறது, நெஞ்சில் இடிப்பது இல்லை.

ஹெட்போன் வாங்கு. 'தி ஹூ'வின் 'லைவ் அட் லீட்ஸ்' என்ற 1970 கச்சேரிப் பதிவைப் போடு. அதில் பேஸை இடப்பக்கமும் கிட்டாரை வலப்பக்கமும் பிரித்து வைத்திருக்கிறார்கள். வலக்காதில் இருப்பதைக் கழற்றிவிட்டு ஒரு பாட்டு முழுக்கக் கேள். அப்புறம் இரண்டையும் மாட்டிக்கொண்டு அதே பாட்டைக் கேள்.

கேள்வி: வீடு கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். பேஸ் கம்பி ஒரு மாதத்தில் துருப்பிடித்துவிடுகிறது. போதாததற்கு மழைக்காலத்தில் கம்பி ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) இடித்துக் 'கரகர' என்கிறது. என்ன செய்ய? (குளச்சல்)

பதில்: உப்புக்காற்றோடு மல்லுக்கட்ட முடியாது, சமாளிக்கத்தான் முடியும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாக, அடிப்பக்கமும் சேர்த்துத் துடைக்க வேண்டும். முட்டத்திலிருந்தும் மணவாளக்குறிச்சியிலிருந்தும் என்னிடம் ரிப்பேருக்கு வருகிற பேஸ்களைத் திருப்பிப் பார்த்தால், கம்பியின் மேல்பக்கம் பளபளப்பு, அடிப்பக்கம் செம்பழுப்பு. மேலே மட்டும் துடைக்கிறார்கள். பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, ஜிப்பை முழுக்க மூடி வையுங்கள். சுவரில் அழகுக்கு மாட்டுவது கடற்கரை வீட்டுக்கு ஆகாது.

துரு இல்லை, வெறும் அழுக்கேறி ஒலி செத்துப்போயிற்று என்றால் ஒரு பழைய வித்தை இருக்கிறது. கம்பிகளைக் கழற்றி, வளையமாகச் சுற்றி, கொதிக்கிற தண்ணீரில் ஒரு பத்து நிமிடம் போடுங்கள். சுற்றுக்குள் ஒட்டியிருக்கும் எண்ணெயும் வியர்வையும் பிரிந்து தண்ணீர் கலங்கும். எடுத்துத் துடைத்து, ஃபேனுக்கு அடியில் நன்றாக உலர்த்திவிட்டுப் பூட்டுங்கள். பழைய மடிப்பு விழுந்த இடத்திலேயே மடிக்க வேண்டும். இடம் மாற்றி மடித்தால் அந்த இடத்தில் அறுந்துவிடும். புதுக் கம்பி ஒலி ஒரு வாரம் பத்து நாள் நிற்கும். உங்கள் ஊர்க் கிணற்றின் உப்புத் தண்ணீரில் கொதிக்கவைக்காதீர்கள், உள்ளதும் போகும். இன்னொரு கட்சியும் உண்டு. அமெரிக்காவின் மோட்டவுன் இசைத்தட்டுக் கம்பெனியின் பாட்டுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், அறுந்தாலொழிய கம்பி மாற்றியதே கிடையாது. அழுக்கில்தான் அவருக்கு ஒலியே. ஆனால் அவர் போட்டது தட்டைச் சுற்றுக் கம்பி.

அந்தக் கரகரப்பு வேறு விஷயம். நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஈரம் ஏறி இறங்க, கழுத்து மரம் வளையும், நிமிரும். முதல் ஃப்ரெட்டில் ஒரு விரலும், கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் இன்னொரு விரலும் வைத்துக் கம்பியை அழுத்துங்கள். ஏழாம் எட்டாம் ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளியே இல்லையென்றால் கழுத்து பின்னால் சாய்ந்திருக்கிறது. கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராடை ஆலன் கீயால் இடப்பக்கம் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். ஒரு நாள் விட்டுப் பார்த்துவிட்டு அடுத்த கால் சுற்று. இறுக்கமாக இருக்கிறதே என்று பலம் கொடுத்துத் திருகினால் ராடு உடையும். அதற்குப் பிறகு என்னிடம் கொண்டுவந்தும் பிரயோஜனம் இல்லை.

கேள்வி: நாலு கம்பிதானே, கிட்டாரைவிட லேசுதானே? (நாகர்கோவில்)

பதில்: நாதஸ்வரத்தில் கம்பியே இல்லை.

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு. ஆலயப் பாடல் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்க ஆசைப்படுகிறாள். பெண்பிள்ளைக்கு எதற்கு, கை தாங்காது, கீபோர்டு படிக்கட்டும் என்கிறார்கள் வீட்டில். உங்கள் கருத்து? (ஒரு தாய், மார்த்தாண்டம்)

பதில்: கை தாங்காது என்பது பாதி உண்மை, அது அளவைப் பற்றியது. சாதாரண பேஸில் கம்பியின் நீளம் 34 அங்குலம், எடை நாலு கிலோ பக்கம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது, பையனானாலும் பெண்ணானாலும், அதிகம். 30 அங்குலத்தில் 'ஷார்ட் ஸ்கேல்' பேஸ் கிடைக்கிறது. அதை வாங்கிக் கொடுங்கள். அகலமான தோள்பட்டை வாரும் போடுங்கள், மெல்லிய நைலான் வார் தோளை அறுக்கும். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி கையில் இருந்த வயலின் வடிவப் பேஸும் 30 அங்குலந்தான். ஆக அது குழந்தை விளையாட்டுச் சாமான் அல்ல.

அந்தப் பேஸுக்கே ஒரு கதை இருக்கிறது. 1961-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 30 பவுண்டு போல் கொடுத்து வாங்கினார். 1972-ல் லண்டனில் வேனுக்குள்ளிருந்து திருடிவிட்டார்கள். ஐம்பது வருஷம் கழித்து ஒரு வீட்டு மச்சில் கிடந்தது. அது அவர் கைக்கே திரும்பி வந்துவிட்டதாக 2024-ல் செய்தி வந்தது.

பெண்பிள்ளை என்ற மீதிப் பாதிக்கு வருகிறேன். லாஸ் ஏஞ்சலஸில் கேரல் கே என்ற அம்மா ஸ்டுடியோக்களில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார். 1963-ல் ஒரு பதிவுக்கு பேஸ்காரர் வரவில்லை. இவரை வாசிக்கச் சொன்னார்கள். அப்புறம் அமெரிக்காவின் எத்தனையோ வெற்றிப் பாட்டுகளின் அடியில் ஓடியது அவர் கைதான். டெட்ராய்டில் பிறந்த சூசி குவாட்ரோ தோல் உடுப்பும் பேஸுமாகக் குழுவுக்குத் தலைமை தாங்கிப் பாடினார். இங்கே மும்பையின் மோகினி டே, ஏ.ஆர். ரகுமான் மேடைகளில் வாசிக்கும்போது பக்கத்தில் நிற்கிற ஆண்களே வாய் பிளந்து பார்க்கிறார்கள். வீட்டில் உள்ளவர்களுக்கு அந்தக் காணொளி ஒன்றைப் போட்டுக் காட்டுங்கள். கீபோர்டும் படிக்கட்டும், இடக்கைக்கு நல்லது.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். தமிழ்ப் பத்திரிகையில் வெள்ளைக்காரக் கூச்சலுக்கு இத்தனை பக்கம் ஏன்? நம் மண்ணுக்கும் இந்த வாத்தியத்துக்கும் என்ன சம்பந்தம்? (மயிலாடி)

பதில்: ஐயா, நீங்கள் இருப்பதே மயிலாடி. ரிங்கல்தௌபே பாதிரியார் 1809-ல் உங்கள் ஊரில் ஆலயம் கட்டிய நாளிலிருந்து பார்த்தால், மேல்நாட்டுப் பாட்டு முறை நம் பக்கம் வந்து இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று நாலு குரலில் பாடுவது நம் ஆலயங்களில் பேத்தியும் பாட்டியும் சேர்ந்து செய்கிற காரியம். கிறிஸ்துமஸ் கீதப்பவனியில் பின்வரிசையில் நின்று 'பம் பம்' என்று அடிக்குரலில் இழுக்கிற பெரியவர்களிடம்தான் நான் பேஸ் படித்தேன். கிட்டார் பிறகு வந்தது. "லே மக்கா, ராகத்தை அவங்க பார்த்துக்கிடுவாங்க, நீ காலை எங்க வைக்கணும்னு பாரு" என்பார் எங்கள் பாடல் குழு அண்ணன் ஒருவர்.

அவர் சொன்னதன் அர்த்தத்தை ஒரு கால் ஆர்மோனியத்திலோ கீபோர்டிலோ சோதிக்கலாம். வலக்கையில் சி, இ, ஜி மூன்றையும் சேர்த்துப் பிடியுங்கள். சி மேஜர், வெளிச்சமான ஒலி. அடியில் இடக்கையால் சி வையுங்கள், அப்படியே இருக்கும். இப்போது வலக்கையை அசைக்காமல் இடக்கையை மட்டும் ஏ கட்டைக்கு மாற்றுங்கள். அதே மூன்று சுரம், ஆனால் ஏ மைனர் செவன்த் ஆகி முகம் வாடிவிட்டது. மேலே பாடுகிறவருக்கும் கிட்டார்காரருக்கும் தெரியாமலே பாட்டின் மனநிலையை மாற்றுகிற அதிகாரம் அந்த ஒற்றை அடிச்சுரத்திடம் இருக்கிறது. இளையராஜா பேஸ் வரியைத் தன் கையாலேயே எழுதிக் கொடுக்கிறவர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவருக்கு வாசித்த சசிதரனின் பேஸைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் நம் பக்கத்துத் திருவிழா மேடைக்காரர்கள் எல்லோரும். சம்பந்தம் இல்லை என்று எப்படிச் சொல்வேன்? கூச்சல் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மேலே 126 டெசிபல் சாட்சி இருக்கிறது.

கேள்வி: பி.இ. முடித்திருக்கிறேன். வேலையை விட்டுவிட்டு முழுநேர பேஸ் கிட்டார்காரன் ஆகலாமா? (அருமனை)

பதில்: வேலை இருக்கிறதா? இருந்தால் விடாதே. என்ட்விசில் வரி ஆபீசில் இருந்ததைச் சொன்னேன். அயர்ன் மெய்டன் குழுவைத் தொடங்கிய பேஸ்காரர் ஸ்டீவ் ஹாரிஸ் கட்டட வரைபடம் வரைகிற வேலையில் இருந்தவர். குழு சோறு போடும் வரை வேறு வேலையையும் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் இவர்கள். அதற்கு முன் விட்டவர்களின் பெயர் நமக்குத் தெரியாது.

நிலவரத்தை உள்ளபடி சொல்கிறேன். ஒரு காலத்தில் சென்னை ஸ்டுடியோக்களில் எல்லா வாத்தியக்காரரும் ஒன்றாக உட்கார்ந்து பதிவு செய்வார்கள். பாட்டுக்கு ஒரு பேஸ்காரர் கட்டாயம் வேண்டும். இப்போது பெரும்பாலான பேஸ் கம்ப்யூட்டரிலேயே முடிந்துவிடுகிறது. ஆளை வைத்து வாசிக்கிற இடத்திலும் கீத் பீட்டர்ஸ் மாதிரி கைகளைத்தான் தேடுவார்கள். நம் பக்கம் என்றால் ஆலய ஆராதனை, கல்யாண வரவேற்பு, கோட்டாறு சவேரியார் கோயில் மாதிரித் திருவிழாக்கள், மண்டைக்காடு கொடைக் காலம், மேற்கே கேரளத்துக்குப் போனால் கானமேளாக் கச்சேரிகள். சீசன் தொழில். டிசம்பரில் தூங்க நேரமிருக்காது, ஆடி மாதம் முழுக்கத் தூங்கலாம். மீதி நாளுக்கு வகுப்பு எடுக்க வேண்டும், இல்லையென்றால் என்னைப் போல ரிப்பேர் பார்க்க வேண்டும்.

பணம் மேடை ஏறும் முன்பே கைக்கு வர வேண்டும். பாதி கொடுத்து, "மிச்சம் நோட்டீஸ் வசூல் எண்ணி முடிச்ச பிறகு" என்று ஒரு விழாக் கமிட்டி எங்களிடம் சொன்னது. இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். பதிவு வேலை என்றால் உன் பெயர் அதில் இருக்கிறதா என்று பார். மேலே சொன்ன ஜேமர்சன் அறுபதுகள் முழுக்க வாசித்த பாட்டுகளுக்கு உலகமே ஆடியது. 1971 வரை ஒரு இசைத்தட்டு உறையிலும் அவர் கம்பெனி அவர் பெயரைப் போடவில்லை. 1983-ல் இறந்தார். ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்தது 2000-ல்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆசை போகவில்லையென்றால் ஸ்டாஃப் நொட்டேஷன் என்கிற மேல்நாட்டு இசைக்குறிப்பு முறையைப் படி. காதால் வாசிக்கிறவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். தாளைப் பார்த்ததும் வாசிக்கிறவனுக்கு இன்னும் கூப்பிடு வருகிறது.

கேள்வி: மைக்செட் வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு கச்சேரியில், பேஸ் வாசித்துக்கொண்டே பாடிய பையனுக்கு உதட்டில் ஷாக் அடித்தது. மைக்கில் கரண்டே இல்லையே, எப்படி? (திங்கள்சந்தை)

பதில்: இதை எல்லோரும் படிக்க வேண்டும். பேஸின் கம்பிகள், அவற்றைத் தாங்கும் உலோக பிரிட்ஜ் வழியாக, ஒயர் வழியாக, ஆம்பின் (ஆம்ப்ளிஃபயர்) எர்த்தோடு இணைந்திருக்கின்றன. மைக்கின் உலோகத் தலை மிக்சரின் எர்த்தோடு இணைந்திருக்கிறது. ஆம்புக்குப் பக்கத்து வீட்டு லைன், மிக்சருக்கு ஜெனரேட்டர் என்று இரண்டு இடத்திலிருந்து கரண்ட் எடுத்து, ஒன்றில் எர்த் பின்னும் இல்லையென்றால், இரண்டு எர்த்துக்கும் நடுவே வோல்டேஜ் வித்தியாசம் நிற்கும். கை கம்பியில், உதடு மைக்கில். அந்த வித்தியாசம் பாய்வதற்கு அந்தப் பையனே ஒயர். 1972 மே மாதம் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி நகரில் லெஸ் ஹார்வி என்ற கிட்டார்காரர், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்துபோனார். உங்கள் பையன் உதட்டோடு தப்பித்தான்.

மேடையில் உள்ள ஆம்ப், மிக்சர், கீபோர்டு எல்லாவற்றுக்கும் ஒரே போர்டிலிருந்து கரண்ட் கொடுங்கள். அந்த போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கட்டும். இரைச்சல் வருகிறதென்று மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டுகிற பழக்கம் நம் ஆட்களுக்கு உண்டு. அந்தப் பிளக்குகளைத் தேடிப் பிடித்து மாற்றுங்கள். ஜெனரேட்டர் என்றால் எர்த் குழாயை ஈர மண்ணில் இறக்குங்கள், செம்மண் மேட்டில் வெயில் காலத்தில் சுற்றித் தண்ணீர் ஊற்றவும் வேண்டும். பாடகர் வரும் முன், மல்டிமீட்டரை ஏ.சி. வோல்டில் வைத்து ஒரு முனையை பேஸ் கம்பியிலும் மறுமுனையை மைக் தலையிலும் வையுங்கள். முள் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். நகர்ந்தால் கச்சேரி தொடங்கக் கூடாது, கமிட்டிக்காரர் எவ்வளவு கத்தினாலும் சரி.

கேள்வி: பேஸ் கிட்டார்காரர்கள் ஏன் எப்போதும் பின்னால் டிரம்ஸ் பக்கத்திலேயே ஒளிந்துகொள்கிறீர்கள்? (இரணியல்)

பதில்: ஒளியவில்லை, வேலை அங்கேதான் இருக்கிறது. டிரம்ஸ்காரரின் வலது கால் கிக் டிரம்மை மிதிக்கிற நேரமும் என் விரல் கம்பியை விடுகிற நேரமும் ஒன்றாக விழ வேண்டும். மைதானத்தில் சத்தம் ஸ்பீக்கரில் சுற்றி வந்து சேர்வதற்குள் கொஞ்சம் தாமதமாகிவிடும். அதனால் காதை நம்பாமல் அவருடைய முழங்காலைப் பார்த்து வாசிக்கிறேன். ஹை-ஹாட் என்கிற ஜோடித் தட்டின் பக்கமாக நின்றால் அவர் முழங்காலும் என் விரலும் ஒரே பார்வையில் தெரியும். சாப்பாட்டுப் பந்திக்கு இறங்கிப் போகிற படியும் பெரும்பாலான மேடைகளில் பின்பக்கம்தான், அதையும் மறைக்கப் போவதில்லை.